வாசலில் ஒரு வாள்

கள்ளக்குறிச்சிச் சீமை கும்பெனியார் கைக்குப் போன கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கத்தின் வாசல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் பிரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே புதிதாய்ச் சேருகிறவர் ஆயுதம் மட்டுமல்ல, ஒரு செப்புக் காசுகூட உடம்பில் வைத்துக்கொண்டு நுழையலாகாது. உருவிய வாள் கதவுக்கு வெளியே நிற்கும் காவலர் கையில். சகோதரர்களுக்குள் ஆயுதம் எதற்கு என்பது தத்துவம். நல்ல தத்துவம்தான், ஐயா!

1801 ஜூலையில், நவாபாகிவிட்ட அதே உம்தத் சேப்பாக்கம் அரண்மனையில் மரணப்படுக்கையில் கிடந்தார். கும்பெனிப் பட்டாளம் வந்து அரண்மனை வாசலைப் பிடித்துக்கொண்டது. 15-ஆம் தேதி அவர் கண்ணை மூடினார். 31-ஆம் தேதி உடன்படிக்கையோடு கள்ளக்குறிச்சியும் கைமாறிற்று. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்து, துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டது. கல்வராயன் மலைமேல் ஜாகிர்தார்கள் மட்டும் 1976 வரை அசையவில்லை.