அனுமதி கிடைத்த பின்: ஜேர்மனியில் மாணவர் உதவியின் நூறாண்டு

பல்கலைக்கழகம் என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் கடைசியில் தரப்படுத்தலில் வந்துதான் நிற்பார்கள். அது இயல்பு. 1971 முதல் தமிழ் மாணவர்கள் பல்கலைக்கழக வாசலில் கூடுதல் புள்ளி காட்டவேண்டியிருந்தது. அந்த வாசலில் பிறந்த கோபம் ஒரு தலைமுறையின் அரசியலையே தீர்மானித்தது. ஆனால், வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நாம் அவ்வளவாக எழுதிவைக்கவில்லை. 1983இல் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே வந்தவர்கள், 1980களின் கடைசி ஆண்டுகளில் ஜே.வி.பி. கிளர்ச்சியாலும் அரச அடக்குமுறையாலும் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தபோது வீடுகளில் காத்திருந்தவர்கள், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது புத்தகங்களை விட்டுவிட்டு நடந்தவர்கள் என்று எத்தனையோ பேருடைய படிப்பு பாதியில் நின்றது. அவர்களில் ஒரு பகுதியினர் ஜேர்மனிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

நாம் வந்து சேர்ந்த இந்த நாட்டிலோ, வாசலுக்கு உள்ளே நடந்ததைப் பற்றி நூறாண்டுக் கதை ஒன்று இருக்கிறது. இடம் கிடைத்த மாணவன் எதனால் விழுகிறான், அவனைத் தாங்குவது யார் பொறுப்பு என்ற கேள்வியின் கதை அது.

முதலாம் உலகப் போர் முடிந்ததும் ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்களால் நிரம்பின. அதுவரை அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். போருக்குப் பிந்திய பணவீக்கம் அந்த நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பைக் கரைத்தது. 1923 நவம்பரில் ஒரு டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் கொடுக்கவேண்டியிருந்தது. மகனின் படிப்புக்கென்று தகப்பன் வங்கியில் போட்டுவைத்த பணம் ஒரு றாத்தல் பாணுக்கும் காணாது. படிக்கும் மூளை இருந்தது, பல்கலைக்கழகத்தில் இடம் இருந்தது, மத்தியானச் சாப்பாடு இல்லை.

முதலில் கைகொடுத்தது அரசு அல்ல. மாணவர்களும் சில பேராசிரியர்களும் ஊருக்கு ஊர் உதவிச் சங்கங்களைத் தொடங்கினார்கள். மலிவுச் சாப்பாட்டுக்கு மென்சா, பழைய சப்பாத்தைத் தைத்துக் கொடுக்கும் பட்டறை, உடுப்புத் திருத்தும் இடம், பொதுவான வாசிப்பறை என்று தேவையிலிருந்து ஒவ்வொன்றாக முளைத்தன. இந்தச் சங்கங்களை ஒன்றிணைத்து 1921 பெப்ரவரியில் ரியூபிங்கனில் ஒரு தலைமை அமைப்பு உருவானது. டிறெஸ்டன் அதன் தலைமையிடமாயிற்று. இன்று ஜேர்மனியெங்கும் விடுதியும் மென்சாவும் நடத்தும் மாணவர் சேவை அமைப்புகளுக்கு மூலம் அதுதான். வெளிநாட்டு உதவியும் வந்தது. உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் 1920இல் தொடங்கிய ஐரோப்பிய மாணவர் நிவாரணத்தின் ஊடாக, நேற்று எதிரிகளாக இருந்த நாடுகளின் மாணவர்கள்கூட ஜேர்மன் மாணவர்களுக்குப் பணமும் பொருளும் அனுப்பினார்கள். விடுமுறையில் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துப் படித்தவர்களை 'வெர்க்ஸ்ருடென்ற்' என்றார்கள். பகுதிநேரம் வேலைசெய்து படிக்கும் நம் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் இன்றும் அந்தச் சொல்லைக் காணலாம்.

இவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது 1922இல் நிறுவப்பட்ட கடன் நிதி. கையிலிருந்த பணம் கொஞ்சம். கேட்டு நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். யாருக்குக் கொடுப்பது? இறுதிப் பருவங்களில் நின்றவர்களுக்கு நீண்டகாலக் கடன் கொடுப்பது என்று அந்த நிதி அமைக்கப்பட்டது. மூன்று நான்கு ஆண்டு பட்டினி கிடந்து படித்த ஒருவன் கடைசி ஆறு மாதத்தில் விழுந்தால், அத்தனை ஆண்டும் வீண். அந்தக் கணக்கை அன்று பசியோடிருந்தவர்களே போட்டார்கள்.

ஆனால், இந்தக் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1933 ஏப்ரல் 25ஆம் திகதி, 'ஜேர்மன் பாடசாலைகளிலும் உயர்கல்வி நிலையங்களிலும் நெரிசலுக்கு எதிரான சட்டம்' என்ற பெயரில் நாசிகள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். புதிதாகச் சேரும் மாணவர்களில் யூதர்கள் 1.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் நடைமுறை. விகிதாசாரக் கணக்கு எப்படியெல்லாம் பயன்படும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மாணவர் உதவி அமைப்பும் கட்சியின் பிடிக்குள் போனது. பசித்தவனுக்கென்று கட்டிய மென்சாவும் உதவிப்பணமும், யார் மாணவன், யார் மாணவனல்ல என்று பிரிக்கும் கருவிகளாயின. 1938 நவம்பருக்குப் பின் யூதர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து முற்றாக விலக்கப்பட்டார்கள். அந்த அமைப்பைத் தொடக்கத்திலிருந்து நிர்வகித்த றைன்கோல்ட் சைறர் 1933இல் பதவியை இழந்து, பின்னர் இலண்டனில் அகதியாக வாழ்ந்தார். கருணையாகக் கொடுக்கப்படுவதைக் கொடுப்பவன் எப்போதும் நிறுத்தலாம் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

இரண்டாம் போருக்குப் பின் மறுபடியும் பசி. குண்டுவீச்சில் இடிந்த பல பல்கலைக்கழகங்களில், இத்தனை மணிநேரம் கல்லும் மண்ணும் அள்ளினால்தான் அனுமதி என்று இருந்தது. 1955இல் றைன் நதிக்கரையிலுள்ள ஹொனெவ் என்ற சிறு நகரில் ஒரு மாநாடு கூடியது. அதன் பயனாக 1957இல் 'ஹொனெவ் மாதிரி' என்ற அரச உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வறுமையையும் திறமையையும் நிரூபித்தால் உதவி கிடைக்கும். ஆனால், கேட்டுப்பெறும் உரிமை கிடையாது.

1960களில் இங்கே ஒரு விவாதம் கிளம்பியது. நாட்டுப்புறத்துக் கத்தோலிக்கத் தொழிலாளியின் மகள் ஏன் பல்கலைக்கழகத்தில் இல்லை என்று கேட்டார்கள். 1965இல் றால்ப் டாறென்டோர்வ் எழுதிய நூலின் தலைப்பே, கல்வி குடிமக்களின் உரிமை என்பதுதான். அந்த விவாதத்தின் அறுவடையாக 1971 ஓகஸ்ட் 26ஆம் திகதி, வில்லி பிராண்டின் ஆட்சியில், 'பாஃபோக்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி உதவிச் சட்டம் பிறந்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு மாதாந்தக் கொடுப்பனவு சட்ட உரிமை என்று அதன் முதற் பிரிவே கூறுகிறது.

இலங்கையில் கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை என்பது நம் பெருமை. ஆனாலும் வன்னியிலிருந்து பேராதனைக்குப் போன பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாடும் யார் கொடுப்பது? மகாபொல புலமைப்பரிசில் 1981இல்தான் வந்தது. கட்டணம் வேறு, சீவியச் செலவு வேறு என்பதை இரண்டு நாடுகளும் பிந்தித்தான் கண்டுகொண்டன.

சட்டம் வந்ததோடு கதை முடியவில்லை. 1983இல் ஹெல்முட் கோலின் அரசு இந்த உதவியை முழுக்கடனாக மாற்றியது. படித்து முடித்தவர்கள் பல்லாயிரம் மார்க் கடனோடு வெளியே வந்தார்கள். 1990இல்தான் பாதி நன்கொடை, பாதி வட்டியில்லாக் கடன் என்றானது. 2024இல்கூட, கல்வி உதவிக்கு அரசியலமைப்பில் நேரடி உரிமை கிடையாது என்று காள்ஸ்றூகவிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தால் வந்ததைச் சட்டத்தால் குறைக்கலாம்.

நம்மவர்கள் பெருமளவில் வந்து இறங்கியது அந்த 1980களில். கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் நுழையும் பாதை 1985இல் தமிழருக்கு அடைக்கப்பட்டது. அதற்குள் வந்துவிட்டவர்களை முகாம்களும் நகர எல்லைக் கட்டுப்பாடும் காத்திருந்தன. 1987இல் தஞ்சம் கோரியவர்களுக்கு ஐந்தாண்டு வேலைத்தடை விதிக்கப்பட்டது. ஊரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்தவன் வழக்கு முடியும்வரை காத்திருந்தான். முடிந்ததும் உணவகத்தில் கோப்பை கழுவப் போனான். சட்டம் இருந்த நாட்டில், அந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே அவன் நின்றான். பிற்காலத்தில் வாசல் சற்று அகன்றது. தற்காலிகத் தங்கல் மட்டும் உள்ளவர்களும் 15 மாதங்களுக்குப் பின் பாஃபோக் கேட்கலாம் என்று 2016இல் ஆனது. எங்கள் ஆட்களுக்கு அது முப்பது வருடம் பிந்திய செய்தி.

இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் அந்தக் கோப்பை கழுவியவர்களின் பிள்ளைகள். ஜேர்மனியில் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் முடிக்காமல் விலகுகிறார்கள். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. வெட்கம் என்று மறைத்துவிடுகிறோம். 'அபிற்றூர்' எடுக்கும்வரை ரியூசனுக்குக் காசைக் கொட்டும் தகப்பன், பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். பிள்ளை விழுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு.

எங்கே விழுகிறது? நாலாம் பருவம் முடிய, படிப்பு ஒழுங்காக நடக்கிறது என்ற சான்றைப் பாஃபோக் அலுவலகத்துக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பணம் நிற்கும். பெற்றோர் வருமான விபரம் தர மறுத்தால் அலுவலகத்திடம் முற்பணம் கேட்கலாம். நோய், கர்ப்பம், பிள்ளைப் பராமரிப்பு என்று பிந்தினால் காலநீடிப்புக் கேட்கலாம். 2024/25 குளிர்காலப் பருவத்திலிருந்து, காரணம் சொல்லாமலே ஒரு பருவம் கூடுதலாகப் பெறும் வழியும் வந்தது. காலம் கடந்தும் ஓராண்டுக்குள் முடிக்கமுடியும் என்று பல்கலைக்கழகம் சான்று தந்தால், படிப்பை முடிப்பதற்கான தனிக் கடன் உண்டு. கடனைக் கண்டு பயப்படுகிறவர்கள் இதை அறியவேண்டும்: பாதி நன்கொடையாக வரும் வழமையான பாஃபோக்கில், எவ்வளவு வாங்கினாலும் திருப்பிக் கட்டுவது மாதம் 130 ஈரோ வீதம் 77 தவணைகள்தான், மொத்தம் 10,010 ஈரோ. குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு வழிகாட்ட 2008இல் கற்ஜா ஊர்பாற்ஷ் தொடங்கிய 'ஆர்பைற்றர்கின்ட்' என்ற அமைப்பு பல நகரங்களில் இருக்கிறது. அதன் பெயரின் பொருள் தொழிலாளியின் பிள்ளை. நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இவையெல்லாம் அறியாமல் விண்ணப்பப் படிவத்தின் எட்டாம் பக்கத்தில் களைத்துப்போகும் பிள்ளைக்கு யார் துணை? சனி, ஞாயிறுகளில் தமிழ் படிப்பிக்க இந்த நாடு முழுவதும் நாம் வகுப்பறை பிடித்திருக்கிறோம். கோயில் கட்டியிருக்கிறோம். அதே மண்டபத்தில் மாதத்துக்கு ஒருமுறை ஒரு மேசை போட்டு, படித்து முடித்த ஒருவர் இருந்து படிவம் நிரப்பிக் கொடுப்பது பெரிய காரியமல்ல. 1922இல் அவர்கள் செய்ததுபோல், கடைசிப் பருவத்தில் நிற்பவர்களுக்கென்று ஒரு சிறு கடன் நிதியும் வைக்கலாம். எந்த ஊரில் எந்தப் பிள்ளை முடிக்கும் தறுவாயில், என்ன தேவையோடு நிற்கிறது என்று முதலில் விசாரிப்போம்.