ஜொஹராவின் வளையல்களும் சொல்லப்படாத செய்தியும்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்களில் ஒரே வினா எழுகிறது: அடுத்து என்ன? அவ்வினாவுக்கு விடை தேடப் புறப்படும்போது பல வாயில்கள் அடைபட்டிருக்கக் காண்கிறோம். நம் சமுதாயத்தின் கல்விப் பின்னடைவைப் பற்றிப் பேசுவோர் வறுமையையே முதற் காரணமாகச் சுட்டுவர். வறுமை உண்மையே. எனினும் அதற்கு நிகரான மற்றொரு காரணமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளத் திருச்சிராப்பள்ளியின் கல்வி வரலாற்றில் ஒரு பக்கத்தை நாம் புரட்டிப் பார்த்தல் நலம்.

1950ஆம் ஆண்டு இராமேசுவரத்து மாணவர் ஒருவர் இன்டர்மீடியட் வகுப்பில் சேரத் திருச்சிக்கு வந்தார். அவரே பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவர் சேர்ந்த புனித வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினரால் தொடங்கப்பெற்று, 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. விடுதியில் மூவர் தங்கும் அறையொன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. உடன் தங்கியோரில் ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார் குடும்பத்து மாணவர். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூவரும் மகிழ்ந்து வாழ்ந்ததாகக் கலாம் தம் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார்.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. அதை வாசகர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். இன்டர்மீடியட் முடித்து பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தபோது, வேறு உயர்கல்வி வழிகள் இருப்பதே தமக்குத் தெரியாது என்கிறார் அவர். அறிவியல் கற்றவனுக்கு எத்தகைய பணிகள் உண்டு என்பதையும் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பட்டம் பெற்ற பின்னரே தம் நாட்டம் பொறியியலில் என்பதை உணர்கிறார். அக்காலத்தில் இன்டர்மீடியட் முடித்தவுடனேயே பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். பாதை பிரியும் இடத்தில் அந்த இளைஞர் நின்றபோது, ‘இப்படியும் ஒரு வழி உண்டு’ என்று சுட்டிக்காட்ட ஒரு விரல் இல்லை.

அறிவுக் கூர்மைக்கு அவரிடம் குறைவில்லை, நல்லாசிரியர்களுக்கும் குறைவில்லை. அன்புடையோரும் சூழ இருந்தனர். சிறுவயதில் இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அவரைச் சேர்க்க உடன் சென்றவர் அஹ்மத் ஜலாலுத்தீன். பின்னர் அவருடைய தமக்கையை மணந்தவர். இல்லாதிருந்தது ஒன்றே: உரிய வேளையில் உரிய செய்தி.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய வேறொரு வாயில் அன்று திறந்திருந்தது. சி. ராஜம் என்பார் தம் இல்லத்தை விற்றுப் பொருள் திரட்டி 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி., அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு அவர்களைப் பொறியாளர் ஆக்கியது. அங்கே வானூர்திப் பொறியியல் பயிலக் கலாம் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற எஸ். ரங்கராஜனும் அதே எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்றார். எழுத்தாளர் சுஜாதாவாகத் தமிழுலகம் அறிந்தவர் அவரே.

ஆயின் கலாமின் சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். அவற்றைத் தம் சொந்த உழைப்பால் மீட்பதாகத் தம்பி உறுதி பூண்டார். இந்நிகழ்ச்சியை நாம் மேடைதோறும் சொல்லி நெகிழ்கிறோம். நெகிழ்வதோடு நின்றுவிடுவதால் அதற்கு முந்தைய பாடத்தைத் தவறவிடுகிறோம். வளையல் தர ஒரு தமக்கை இருந்தார். வழி சொல்ல ஒருவர் இருக்கவில்லை.

இதற்கான காரணம் வரலாற்றில் உள்ளது. ஆங்கிலக் கல்வியிலும் அரசுப் பணியிலும் சில தலைமுறைகளைக் கண்டிருந்த ஸ்ரீரங்கத்து வீதிகளில் எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பது திண்ணைப் பேச்சாகவே இருந்திருக்கும். வணிகமும் கடலோடுதலும் வாழ்வாக இருந்த நம் கடற்கரை ஊர்களின் திண்ணைகளில் சரக்கும் கப்பலும் கொழும்பு, பினாங்கு விலைவாசியும் பேசப்பட்டன. இது அறிவின் ஏற்றத்தாழ்வன்று, செய்தியின் ஏற்றத்தாழ்வு.

அன்றைய சமுதாயப் பெருமக்கள் இதனை உணராதிருக்கவில்லை. கலாம் திருச்சிக்கு வந்த மறு ஆண்டிலேயே, 1951இல், ஹாஜி எம். ஜமால் முஹம்மது சாஹிப், ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு கொடையாளர்களை நிறுவனர்களாகக் கொண்டு ஜமால் முஹம்மது கல்லூரி அந்நகரில் உதயமாயிற்று. சென்னைப் புதுக்கல்லூரி பிறந்ததும் அதே ஆண்டில்தான். 1919இலேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றிவிட்டது. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி எழுந்தது. கல்லூரி இல்லாத ஊருக்குக் கல்லூரியைக் கொண்டு வருதல் அத்தலைமுறையின் பணி. அதை அவர்கள் செவ்வனே நிறைவேற்றினர்.

நம் தலைமுறையின் பணி வேறு. இன்று வாயில்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித் திறவுகோல். திருச்சியையே எடுத்துக்கொள்வோம். துவாக்குடியில் 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் இடங்களில் பாதி தமிழ்நாட்டு மாணவர்க்குரியது. ஆனால் அதற்கு ஜே.இ.இ. தேர்வு எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருமுன்னரே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதே மாவட்டத்தில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு வேறொரு நுழைவுத் தேர்வு. மருத்துவத்துக்கு நீட், 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட். மாநிலப் பொறியியல் கல்லூரிகளுக்கோ பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் கலந்தாய்வும் போதும். அவற்றுக்கான நுழைவுத் தேர்வு 2007இலேயே ஒழிந்தது. பேருந்தில் நாள்தோறும் அவ்வளாகத்தைக் கடந்து செல்லும் மாணவன், அதன் வாயில் தனக்கும் உரியது என்பதை அறியாமலே பள்ளியை முடித்துவிடக்கூடும்.

உரிமைகளின் நிலையும் இதுவே. 2007இல் தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. லெப்பை (ராவுத்தர், மரக்காயர் உட்பட), தெக்கணி முஸ்லிம், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா, ஷேக், சையது என ஏழு பிரிவுகள் அதன் பட்டியலில் உள்ளன. சாதிச் சான்றிதழில் இவற்றுள் ஒன்று முறையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மத்திய நிறுவனங்களுக்கு இது போதாது; வருமான வரம்பையும் காட்டும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைத் தனியே பெற வேண்டும். குடும்பத்தில் முதற் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் அரசு தரும் கட்டணச் சலுகைக்கும் தனிச் சான்று உண்டு. கலந்தாய்வு நெருங்கும் வேளையில் இவற்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்து நிற்கும் தந்தையர் எத்தனை பேர்!

நாம் செய்யத்தக்கது பெருஞ்செலவுடையது அன்று. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் கல்வியறிந்த இருவரை, அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக, இப்பணிக்கென அமர்த்தலாம். பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பிள்ளைகளை அவர்கள் சந்திக்க வேண்டும். ஏனெனில் பாதை பதினொன்றாம் வகுப்பிலேயே பிரிந்துவிடுகிறது. கணிதம் எடுக்காதவனுக்குப் பொறியியலின் பெரும்பகுதியும், உயிரியல் எடுக்காதவளுக்கு மருத்துவமும் அங்கேயே கைநழுவுகின்றன. சான்றிதழ்களைப் பதினொன்றாம் வகுப்பிலேயே பெற்று வைத்தல், விண்ணப்ப நாள்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதுதல், கல்லூரியில் பயிலும் மூத்த மாணவரை இளையோருடன் அமர்ந்து பேசச் செய்தல் ஆகியவை போதும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் இவ்வழிகாட்டல் உரியது. அவனுக்கே அது கூடுதலாகத் தேவை.

திசையறியாது நின்ற அந்த மாணவருக்கு இரண்டாம் வாயில் ஒன்று திறந்தது. அதில் நுழையத் தமக்கையின் நகைகள் துணை நின்றன. அத்தகைய இரண்டாம் வாயில் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. வளையல்களை அடகு வைக்கும் தமக்கையர் இன்றும் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்களுடைய தியாகம் உரிய வாயிலில், உரிய நாளில் சென்று சேரச் செய்வது, கற்றவர்களாகிய நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள அமானிதமாகும்.