இலவச லயத்தின் விலை

"அக்காலத்துத் தோட்டத் தொழிலாளிக்கு என்ன குறை இருந்தது? வீடு இலவசம், விறகு இலவசம், வைத்தியம் இலவசம். கையில் வந்த கூலியெல்லாம் மிச்சந்தானே! அவ்வளவு இருந்தும் சொந்தமாக ஒரு வீடு வாங்காமற் போனது அவர்கள் குற்றமேயன்றி வேறென்ன?" என்று நகரத்து அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கூறினார். அவர் தீய எண்ணத்தால் அப்படிச் சொன்னாரல்லர். ஆயினும், இச்சொற்கள் புதியவையல்ல. தோட்டத் துரைமார் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்த வாதமே இது. செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நாம், கணக்கறிந்தவர் என்ற முறையில், இந்த 'மிச்சம்' எங்கே போயிற்று என்பதைச் சற்று ஆராய விரும்புகின்றோம்.

முதலில் கூலியைப் பார்ப்போம். 1910-ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலைபோயிற்று. நூற்றுக்கு முந்நூறுக்கு மேல் இலாபப் பங்கு வழங்கிய கம்பெனிகளும் உண்டு. பால் வெட்டியவனின் கூலி அந்த வேகத்தில் ஏறியதா? இல்லை. ஏறாமலிருக்கும்படியே ஆள் வரத்து ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோட்ட முதலாளிகள் வரி செலுத்தும் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. அந்நிதியின் துணைகொண்டு கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டிக் கப்பலேற்றினர். ஆள் மலிந்தால் கூலியும் மலியும் என்பது அரிச்சுவடிக் கணக்கு.

1922-ஆம் ஆண்டில் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலால் இங்கு கூலிக்கு ஓர் அளவு விதிக்க வேண்டியதாயிற்று. 1928-ஆம் ஆண்டளவில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் முடிவாயின. மரம் ஒன்றே, கத்தி ஒன்றே. பெண் கைபட்டால் மட்டும் கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது!

அந்த 50 காசு ஒன்றே. அதைக் கண்ட கண்கள் பல. அக்காலத்தில் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். எனவே 50 காசு இந்திய நாணயத்தில் ஏறக்குறைய 12 அணாவாகும். கிராமத்தில் சில அணாக்களுக்கு நாள் முழுதும் உழைத்த குடியானவன் கண்ணுக்கு அது பெருஞ்செல்வமாகத் தோன்றிற்று. லண்டனிலிருந்த பங்குதாரர் கண்ணுக்கு அது குறைக்கத்தக்க செலவு. துரையின் கண்ணுக்கோ, அதனோடு லயமும் ஆஸ்பத்திரியும் சேர்த்தெண்ணினால், அது தாராளமான சம்பளம். அதை வாங்கியவன் கண்ணுக்கு எப்படி இருந்தது? மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பேர் இல்லை. அரிசிக்கடன் தீர்த்து, ஊருக்குப் பணம் அனுப்பியபின் நின்றது எவ்வளவு என்பதைப் பாட்டன்மாரைக் கேட்டு வளர்ந்த ஒவ்வொருவரும் அறிவர்.

நிற்க. லயத்தின் இலவசத்தை உரைத்துப் பார்த்தது 1930-ஆம் ஆண்டு மந்தம். கூலி 40 காசாகவும் பெண்களுக்கு 32 காசாகவும் இறங்கிற்று. பின்னர் இன்னும் கீழே போயிற்று. 1932-இல் ஓர் இராத்தல் ரப்பர் 2 பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழரும் பிற இந்தியரும் கப்பலில் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் குடியிருந்த வீடுகள் இடிந்துவிடவில்லை. லயங்கள் அங்கேயே நின்றன. எனினும், வேலை போன அன்றே வீடும் போயிற்று. வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் வேலை இழந்தாலும் வேறு வேலை தேடும்வரை தலைசாய்க்க ஓரிடம் இருக்கும். இலவச வீட்டில் இருந்தவனுக்கு அந்தச் சில நாள் தவணையும் இல்லை. கூலி போதவில்லை என்று வாய்திறப்பவன் கூலியை மட்டுமன்றி, மனைவி மக்களின் கூரையையும் பணயம் வைத்தே வாய்திறக்க வேண்டும். இதுவே அந்த இலவசத்தின் விலை.

1936-ஆம் ஆண்டு இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் வந்து விசாரித்தார். பழைய 50 காசு திரும்ப வேண்டும் என்றார். 1937-இல் அது திரும்பிற்று. மறு ஆண்டே விலை தளர்ந்ததென்று கூலியில் 5 காசு வெட்டினர். இந்திய அரசாங்கம் 1938 ஜூன் மாதம் தொழிலாளர் குடியேற்றத்தையே தடைசெய்தது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பது இன்னொன்று. தன் வீட்டுக்கு விருந்தினரை அழைக்கப் பிறர் அனுமதி வேண்டுமாயின், அது யார் வீடு? தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அக்கோரிக்கைகளில் கிராணி வகுப்பின் மீதும் குற்றச்சாட்டு இருந்ததை, அவ்வகுப்பைச் சேர்ந்த நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

போருக்குப் பின் காலம் மாறிற்று, கணக்கு மாறவில்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் சந்தா கையில் வரும் சம்பளத்தின் மீதே கணக்கிடப்பட்டது. கூலி உயர்வு கேட்டபோது சம்பளத்தில் ஒரு பகுதியாக எண்ணப்பட்ட வீடு, சேமநிதிக் கணக்கில் சம்பளமாகவில்லை. கடன் கேட்டுப் பாங்கிக்குப் போனாலும் அங்கும் அது சம்பளமாகவில்லை. கொடுப்பவன் ஏட்டில் வரவாக எழுதப்பட்டது, வாங்கியவன் ஏட்டில் எங்கும் ஏறவேயில்லை. அன்பர் தேடும் மிச்சம் போன வழி இதுதான்.

இதை முன்னரே உணர்ந்தோரும் இருந்தனர். 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவில் நின்றபோது, வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறுசிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க முடியும் என்று அச்சங்கம் காட்டிற்று. ஆனால் அது எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை. 1976-க்குப் பின் சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது போலப் பல தோட்டங்கள் நகரங்களாயின. ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலியும் வீடும் போயின. நில விலை ஏறியபோதும் வீடு போயிற்று! மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் எழுந்த வீட்டின் விலையை, அங்கே பிறந்தவன் விளம்பரத்தில் படித்துத் திகைத்தான்.

2013-ஆம் ஆண்டில் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிற்று. 2025-இல் 1700 ரிங்கிட்டாயிற்று. மகிழ்ச்சியே. ஆனால் சம்பளத்தை வீட்டு விலையோடு சேர்த்துப் பார்க்காதவரை கணக்கு முற்றுப்பெறாது. இன்று அதே தோட்டக் குடியிருப்புகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் தங்கியிருக்கின்றனர். அவர்களைப் பார்த்து, "இவர்களுக்கென்ன, வீடு இலவசம்" என்று நம்மவரே கூறக் கேட்கிறோம். துரை சொன்னதை நாம் சொல்லலாமா? தோழர்களே, சிந்தியுங்கள்!

ஆகவே, நகரத்து அன்பருக்கு நாம் கூறும் விடை இதுவே: எம் முன்னோர் ஊதாரிகளல்லர். அவர்கள் தம் வீட்டுக்கு மாதந்தோறும் விலை கொடுத்தே வந்தனர். கொடுத்ததற்கு எவரும் ரசீது தரவில்லை. இனி எந்தச் சம்பளப் பேச்சிலும், "வீடு தருகிறோம்" என்று சொல்லக் கேட்டால், "யார் பெயரில்? எத்தனை நாளைக்கு?" என்று கேட்கக் கற்றுக்கொள்வோமாக. கையிலிருக்கும் சிறு சேமிப்பையும் கூட்டுறவாக ஒன்றுசேர்த்து, நம் பிள்ளைகளேனும் தம் பெயர் எழுதிய கதவைத் திறந்து உள்ளே செல்லும்படி செய்வோமாக.