விண்மீன்களின் வாழ்க்கை வரலாறும் சென்னை வானாய்வும்: பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

விண்மீன்கள் பிறக்கின்றன, ஒளிர்கின்றன, முதுமையுறுகின்றன, இறுதியில் அவிகின்றன என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். ஆயினும் இவ்வறிவு மனித இனத்திற்கு மிக அண்மைக் காலத்தில்தான் வாய்த்தது. நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் வானத்து ஒளிகளைப் பகுத்துக் கண்ட சங்ககாலத் தமிழர்க்கும், அவ்வாறே பகுத்துக் கண்ட பண்டைக் கிரேக்கர்க்கும் விண்மீன் என்பது நிலைபேறுடைய பொருளாகவே இருந்தது. அதற்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்னும் கருத்து, கடந்த இரு நூற்றாண்டுகளில் சான்று மேல் சான்றாகத் திரட்டி எழுப்பப்பட்டதாகும்.

இவ்வறிவு முழுவதும் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் விளைந்தது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அதற்கு மறுதலையாக, அனைத்தையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று கூறுவாரும் உளர். இவ்விரண்டும் வரலாற்றோடு பொருந்துவன அல்ல. சென்னை மாகாணத்தோடு தொடர்புடைய மூன்று நிகழ்வுகளை முன்வைத்து இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழும்பூரிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை

பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய அதே 1786ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி சென்னை எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். அவர் பின்னர்த் தம் கருவிகளைக் கம்பெனிக்கு வழங்கினார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் எழுந்தது. அங்கு நிறுவப்பட்ட கருங்கல் தூணில் இலத்தீன், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகியவற்றோடு தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. கடற்பயணத்திற்கும் நில அளவைக்கும் உதவுவதே அவ்வானாய்வகத்தின் முதல் நோக்கமாக இருந்தது.

பெட்ரி 1812இல் பினாங்கின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1816இல் இங்கேயே காலமானார். ஜார்ஜ்டவுனின் பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில், லைட்டின் கல்லறை அமைந்துள்ள அதே வளாகத்தில், அவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். சென்னை வானாய்வுக்கு வித்திட்டவர் பினாங்கு மண்ணில் உறங்குகிறார் என்பது இங்குள்ள தமிழ் ஆசிரியர் பலரும் அறிந்திராத செய்தியாக இருக்கக்கூடும்.

விண்மீன் வாழ்க்கையின் படிநிலைகள்

மேற்கூறிய மூன்று நிகழ்வுகளின் பொருளை உணர, விண்மீனின் வாழ்க்கையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். விண்வெளியிலுள்ள வளிமமும் தூசும் சேர்ந்த முகில், தன் ஈர்ப்பினால் சுருங்கி வெப்பமுறும்போது விண்மீன் பிறக்கிறது. மையத்தில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஒரு ஹீலியம் அணுக்கருவாக மாறுகின்றன. இம்மாற்றத்தில் ஏறத்தாழ 0.7 விழுக்காட்டுப் பொருண்மை ஆற்றலாக வெளிப்படுகிறது. கதிரவன் இவ்வாறு சுமார் 460 கோடி ஆண்டுகளாக ஒளிர்ந்து வருகிறது. ஏறத்தாழ அதே அளவு காலத்திற்கு இன்னும் ஒளிரும்.

மையத்து ஹைட்ரஜன் தீர்ந்த பின்னர் விண்மீன் பருத்துச் சிவக்கிறது. இந்நிலையில் அது செம்பெருமீன் எனப்படும். கதிரவனையொத்த மீன்கள் இறுதியில் தம் புறஅடுக்குகளை உதிர்த்துவிட, எஞ்சிய மையம் பூமியளவே பருமனுடைய வெண்குறுமீனாகிறது. மிகுந்த பொருண்மையுடைய மீன்களோ வெடித்துச் சிதறி, நியூட்ரான் மீனாகவோ கருந்துளையாகவோ முடிகின்றன. ஆக, ஒரு விண்மீனின் ஆயுளையும் முடிவையும் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் பொருண்மையே எனலாம்.

1867: முதுமைக்கு ஒரு சான்று

சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் தலைவராக இருந்த காலத்தில் முதல் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றிய இவர், தொலைநோக்கியின் வழி விண்மீன்களின் இடங்களை அளந்து பதிவு செய்வதில் தேர்ந்தவர். 1867இல் ரெட்டிக்குலம் என்னும் தென்வான மீன்கூட்டத்தில் ஒரு விண்மீனின் ஒளி கூடியும் குறைந்தும் வருவதை இவர் கண்டறிந்தார். அம்மீன் இன்று ஆர் ரெட்டிக்குலி எனப்படுகிறது. 1872இல் இவர் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் இவரே.

இம்மீன் வான நடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 63 பாகை தெற்கே உள்ளது. எனவே, சென்னையில் அது அடிவானிலிருந்து 14 பாகை உயரத்திற்கு மேல் எழுவதில்லை. அடிவானத்துப் புகையும் மூட்டமும் மறைக்கும் அத்தாழ்ந்த வானில் ஒரு மங்கிய மீனின் மாற்றத்தைக் கண்டுகொள்ளுதல் எத்துணை அரிய உழைப்பு என்பதை இதனால் உணரலாம். ஜார்ஜ்டவுனிலோ அது 21 பாகைக்கும் சற்று மேலே எழும்.

ஏறத்தாழ 278 நாள்களுக்கு ஒருமுறை ஒளி பெருகித் தேயும் இம்மீன், மீரா வகையைச் சேர்ந்த செம்பெருமீன் என்பது இன்று தெளிவு. விரிந்தும் சுருங்கியும் துடித்து, தன் புறஅடுக்குகளை இழந்துகொண்டிருக்கும் முதிய மீன் அது. ரகுநாதாச்சாரி கண்டது, பின்னாளில் கதிரவனுக்கும் நேரவிருக்கும் ஒரு நிலையை எனலாம். ஆயின், அதற்குரிய விளக்கம் அக்காலத்தில் உலகில் எவரிடமும் இருக்கவில்லை. பதிவு முன்னரும் பொருள் பின்னருமாக வந்தன.

1868: எரிந்ததன் எச்சம்

மறு ஆண்டு, 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து சயாம் நோக்கிச் சென்றது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் போக்சனும், ஐதராபாத் நிசாமின் ஆட்சிப்பகுதியிலிருந்த வனபர்த்தியில் ரகுநாதாச்சாரியும் அதனை ஆராய்ந்தனர். அதே நிழலைச் சயாமின் வாகோ என்னுமிடத்தில் மன்னர் மோங்குட் தம் கணிப்பின்படி எதிர்கொண்டார். பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஹாரி ஓர்டு அங்கு விருந்தினராகக் கலந்துகொண்டார். பினாங்கிற்கு அது பகுதிக் கிரகணமாகவே அமைந்தது.

கதிரவ விளிம்பின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தோர் அதில் மஞ்சள் நிறக் கோடு ஒன்றையும் கண்டனர். முதலில் அது சோடியத்தின் கோடு என்றே கருதப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர், அது சோடியக் கோட்டினின்றும் வேறுபட்டது என நிறுவினார். கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்புதிய தனிமத்திற்கு ஹீலியம் என்னும் பெயர் அமைந்தது. 1895இல்தான் வில்லியம் ராம்சே அதனைப் பூமியில் கண்டார்.

விண்மீன் எரிவதால் விளையும் எச்சமே ஹீலியம் என்பதை அறிய மேலும் கால் நூற்றாண்டு சென்றது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே விண்மீன் ஆற்றலின் ஊற்றாகலாம் என 1920இல் ஆர்தர் எடிங்டன் கருத்துரைத்தார். அம்மாற்றம் நிகழும் முறையை 1939இல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார்.

1930: முடிவுக்கு ஓர் எல்லை

மூன்றாம் நிகழ்வு சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றியது. 1910இல் லாகூரில் பிறந்த இவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். இவர்தம் அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர் என்பது தமிழ் மாணவர் அறியத்தக்கது. 1930 ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர், பயணத்தினிடையே வெண்குறுமீன்களைப் பற்றிய கணக்கொன்றில் ஈடுபட்டார்.

வெண்குறுமீனைத் தன் எடையால் நொறுங்காமல் தாங்குவது எலக்ட்ரான்களின் அழுத்தம் என்பதை 1926இல் ரால்ஃப் ஃபௌலர் காட்டியிருந்தார். அவ்வெலக்ட்ரான்கள் ஒளியை நெருங்கும் விரைவில் இயங்குவதால், சார்பியல் கோட்பாட்டையும் கணக்கில் கொள்ளவேண்டும் எனச் சந்திரசேகர் கண்டார். அவ்வாறு கொண்டபோது, ஓர் எல்லைக்கு மேற்பட்ட பொருண்மையை அவ்வழுத்தம் தாங்காது என்ற முடிவு கிடைத்தது. கதிரவனின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வளவு, இன்று சந்திரசேகர் எல்லை எனப்படுகிறது. விண்மீன்கள் அனைத்தும் அமைதியாக அவிவதில்லை என்னும் உண்மைக்கு இதுவே வாயிலாயிற்று.

1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் இம்முடிவை எள்ளி மறுத்தார். விண்மீன் ஆற்றலின் ஊற்றைச் சரியாகச் சுட்டிய அதே அறிஞர், விண்மீனின் முடிவைப் பற்றிய உண்மையை ஏற்க மறுத்தமை எண்ணத்தக்கது. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ் வகுப்பறையும் இவ்வரலாறும்

மலேசியாவில் 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் தமிழ்ப்பள்ளிகளில் இப்பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. தமிழில் அறிவியல் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் அக்காலத்தில் பெற்றோர் பலரிடையே எழுந்தது. இன்றும் அது முற்றிலும் அகன்றுவிடவில்லை. ரகுநாதாச்சாரி 1874இல் நிகழவிருந்த வெள்ளிக் கடப்பைப் பற்றிய தம் விளக்க நூலை ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். புதிய அறிவை மக்களின் மொழியில் கூற இயலும் என்பது அன்றே செய்து காட்டப்பட்டதாகும்.

சிக்கல் மொழியில் இல்லை. சொல்லின் ஒழுங்கில் உள்ளது. வெண்குறுமீன், வெண்குள்ளன், வெள்ளைக் குள்ளன் என ஒரே பொருளுக்கு நூலுக்கொரு சொல் வழங்கினால் மாணவர் மயங்குவர். ஒரு சொல்லைத் தேர்ந்து, தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை அதனையே ஆளுதல் நன்று.

பினாங்கிற்கு வேறோர் ஒப்புமையும் உண்டு. தொழுகை நேரத்தையும் கிப்லா திசையையும் கணித்த அறிஞர் ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன் பெயரில் இம்மாநிலத்தில் வானியல் மையம் ஒன்று அமைந்துள்ளது. பஞ்சாங்க மரபில் வந்த ரகுநாதாச்சாரியும், இசுலாமிய வானியல் மரபில் வந்த ஷேக் தாஹிரும் சமய வாழ்வுக்குரிய கணிதத்திலிருந்து புதிய வானியலை நோக்கி நடந்தவர்கள். ஒரே வகுப்பில் இருவரையும் கற்பிக்கலாம்.

முடிவுரை

விண்மீனின் முதுமை 1867இலும், அதன் எரிதலின் எச்சம் 1868இலும், அதன் முடிவுக்குரிய எல்லை 1930இலும் சென்னையோடு தொடர்புடையோர் முயற்சியால் அறிவுலகிற்குப் புலனாயின. அவற்றுள் எதுவும் ஒருவரது தனியுழைப்பால் நிறைவுறவில்லை. குண்டூரில் தோன்றிய வினாவுக்கு இலண்டனிலும், சென்னையில் எழுதிய பதிவுக்குப் பிற்காலத்திலும் விடை கிடைத்தது. முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று கூறுவதினும், அறியாதவற்றை அவர்கள் துல்லியமாக அளந்து பதிவு செய்தனர் என்று கூறுவதே அவர்களுக்குச் செய்யும் உரிய சிறப்பாகும். பினாங்குத் தமிழ்ப்பள்ளி மாணவர் பெட்ரியின் கல்லறையிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்கலாம். டிசம்பர், ஜனவரி மாதத்து இரவுகளில் தென்வானை நோக்கி, ரகுநாதாச்சாரி கண்ட மீனின் இடத்தையும் அறியலாம்.