ஸினான் நடத்திய தேர்வு

கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் நாடுகள் பலவும் மருத்துவச் சட்டங்களைத் தளர்த்தின. பிரிட்டனில் ஓய்வுபெற்ற மருத்துவர்கள் தற்காலிகப் பதிவுடன் பணிக்குத் திரும்பினர். அமெரிக்காவில், நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தின் தண்டனைகள் நிறுத்திவைக்கப்பட்டு, சாதாரணக் கைபேசிக் காட்சி வழியாகவும் வைத்தியம் நடந்தது. 2023 மே 11-இல் அங்கு அவசரநிலை முடிந்தது. அச்சலுகையும் 90 நாள் அவகாசத்துடன் ஆகஸ்ட் 9-இல் முடிவுற்றது.

நிர்ப்பந்தத்தால் ஆகுமாக்கப்பட்டது அந்நிர்ப்பந்தம் நீங்கியதும் ஆகாததாகிவிடும் என்பது ஃபிக்ஹுக் கலையில் தொடக்க மாணவரும் அறிந்த விதி. விதியைச் சொல்வது எளிது. வைத்தியத்தையே பிழைப்பாகக் கொண்ட மனிதரிடம் சட்டத்தை நிலைநாட்டுவது அத்துணை எளிதன்று. பக்தாதின் வரலாற்றில் இதனை நாம் காண்கிறோம்.

அப்பாஸியக் கலீஃபா முக்ததிரின் காலம். நோய்கள் பெருகிய ஓர் ஆண்டில் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்துக்குக் கடிதம் எழுதினார். சிறைவாசிகளிடம் நாள்தோறும் மருத்துவர் செல்ல வேண்டும் என்பது கட்டளை. (சிறைப்பட்டவனை நினைத்த அமைச்சர்கள் எத்தனை பேர்!) பின்னொரு கடிதத்தின்படி, மருத்துவரில்லா ஸவாது கிராமங்களுக்கு மருந்துகளுடன் மருத்துவர்கள் ஊரூராக அனுப்பப்பட்டனர்.

அவர்களை அனுப்பிய அதே ஸினான்தான் பின்னர் மருத்துவர்களைச் சோதிக்கும் இடத்திலும் அமர்ந்தார். ஹிஜ்ரி 319-இல் (கி.பி. 931) ஒரு வைத்தியரின் பிழையால் ஒருவர் இறந்தார். ஸினானிடம் தேர்வு பெறாத எவரும் வைத்தியம் செய்யலாகாது எனக் கலீஃபா ஆணையிட்டார். பெரும்புகழ் பெற்றோரும் அரசுப் பணியில் இருந்தோரும் நீங்கலாக, 860-க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர். அவரவர் தகுதிக்கேற்ற வைத்தியத்துக்கே அனுமதி கிடைத்தது.

கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவரும் வந்தார். பொற்காசுகளை எதிரே வைத்து, தமக்கு எழுதவோ படிக்கவோ தெரியாதென்றும், குடும்பத்தின் பிழைப்பைத் துண்டித்துவிட வேண்டாமென்றும் வேண்டினார். ஸினான் சிரித்துவிட்டார். அறியாத நோயில் கைவைக்கக் கூடாது. எளிய நோய்களுக்கன்றிக் குருதி வாங்குவதும் பேதி மருந்தும் கூடாது. இந்நிபந்தனையுடன் தொடரலாம் என்றார். தாம் என்றுமே காடியும் தேனும் கூட்டிய பானம், பன்னீர்ச் சர்பத் இவற்றைத் தாண்டியதில்லை என்றார் முதியவர்!

மறுநாள் இளைஞர் ஒருவர் வந்தார்.

"யாரிடம் பயின்றீர்?"

"என் தந்தையிடம்."

"நேற்று வந்திருந்த பெரியவரா?"

"ஆம்."

"அவர் வழியிலேயே நடக்கிறீரா?"

"ஆம்."

"அதனைத் தாண்டாதீர்" என்று கூறி ஸினான் அவரை அனுப்பிவைத்தார்.