மூச்சைக் காத்த தாதியர்

நோயாளியின் உடலிலே கத்தி படும் வேளையில், அவன் மூச்சைக் காத்து நிற்பவர் யார்? அமெரிக்க நாட்டில் இக்கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காகவே இருந்து வருகிறது. அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியால் ஒரு நோயாளியை மயங்கச் செய்து காட்டினார். வலியை வெல்ல வழி பிறந்தது. கூடவே புதியதோர் அபாயமும் பிறந்தது. மருந்து மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். குறைந்தால் நோயாளி மேசைமீதே விழித்துக்கொள்வான். இத்தகைய பொறுப்பு, பல காலம் இளம் பயிற்சி டாக்டர்களிடம் விடப்பட்டிருந்தது. அவர்கள் கண்ணோ ரண சிகிச்சையைக் கற்பதிலேயே இருந்தது. நோயாளியின் முகத்தில் இல்லை. ஆகவே, கவனம் சிதறாதவர்களை நிபுணர்கள் நாடினர். அத்தகையோர் தாதியரிடையே கிடைத்தனர். 1877-இல் பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரில் மேரி பெர்னார்டு என்னும் கன்னித்துறவி இப்பணியை ஏற்றார். இத்துறையில் நாம் அறியும் முதல் தாதி அவரே.

பின்னர் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில், மேயோ சகோதரர்களுடன் பணிபுரிந்த ஆலிஸ் மகாவ் அம்மையார் பெரும்புகழ் பெற்றார். முகமூடியின்மேல் ஈதரைத் துளித்துளியாக விடுவார். இன்சொற்களால் அச்சத்தைத் தணிப்பார். முகத்தின் நிறத்தையும் மூச்சின் போக்கையும் இமைகொட்டாமல் கவனிப்பார். 14,000-க்கு மேற்பட்ட சிகிச்சைகளில் மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் ஒன்றேனும் இல்லையென்று, 1906-இல் கணக்கை வெளியிட்டார். 1915-இல் கிளீவ்லாந்தில் அகதா ஹாட்ஜின்ஸ் அம்மையார் இக்கலையைப் பயிற்றும் பள்ளியொன்றை நடத்தத் தொடங்கினார்.

ஆயினும் எதிர்ப்பு எழாமல் இல்லை. மயக்கம் கொடுப்பது வைத்தியத் தொழில். தாதி அதைச் செய்வது சட்டவிரோதம் என்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டாக்மார் நெல்சன் என்னும் தாதியின்மீது டாக்டர்கள் வழக்குத் தொடுத்தனர். ரண சிகிச்சை நிபுணரின் மேற்பார்வையில் தாதி இதைச் செய்யலாம் என்று 1936-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை. முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில், டாக்டரின் மேற்பார்வை வேண்டும் என்னும் விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ள 2001-இல் மத்திய அரசு இடமளித்தது. முதலில் விலகியது அயோவா மாநிலம். டாக்டர் எளிதில் கிடைக்காத நாட்டுப்புற மருத்துவமனைகள் பல, இன்று தாதியரையே நம்பியுள்ளன. எதிர்பாராத விபரீதம் நேர்கையில் நீண்ட வைத்தியக் கல்வியே துணை என்பது டாக்டர்களின் வாதம்.

நம் நாட்டில் இப்பொறுப்பு டாக்டர்களிடமே உள்ளது. எனினும், இருதரப்பாரும் இறுதியில் காட்ட வேண்டிய சான்று ஒன்றே: ஆலிஸ் மகாவ் அன்று வைத்திருந்தது போன்ற நேர்மையான கணக்கு. மயக்கத்தில் கிடப்பவனால் தனக்காக வாதாட இயலாதல்லவா?