கால் விரல்ல ஒரு கொப்புளம்

1924 ஜூன் 30. அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் இளைய மகன், வெள்ளை மாளிகை மைதானத்துல அண்ணன் ஜானோட டென்னிஸ் ஆடினான். இவன் பேரும் கால்வின்தான். வயசு 16. ஷூ போட்டிருந்தான், சாக்ஸ் போடல. கால் விரல்ல ஒரு கொப்புளம்.

இதுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரி போவாங்களா? நானே போகமாட்டேன்.

ரெண்டு நாள்ல காய்ச்சல். வெள்ளை மாளிகை டாக்டர் பூன் பார்த்தப்போ, காலில் சிவப்புக் கோடு மேலே ஏறிக்கிட்டிருந்தது. நிணநீர்க் குழாய் வழியா கிருமி ஏறுதுன்னு அர்த்தம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ரத்தத்தில் கலந்துவிட்டது. பெரிய பெரிய மருத்துவர்கள் வந்தார்கள். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் நடந்தது. ஜூலை 7 இரவு பையன் இறந்துட்டான்.

ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-ல். ஆக்ஸ்ஃபோர்டில் அதை நோயாளிக்கு ஊசியாகப் போட்டது 1941-ல். ஜனாதிபதி மகனுக்கே அன்னைக்கு இல்லாத மருந்து வகை இன்னைக்கு நம்ம ஜி.எச்.ல இலவசம். ஆனா நேரத்துக்கு வரணுமே!

ஓ.பி.ல நான் புண்ணோட அளவை மட்டும் பார்க்கிறதில்ல, அது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்பேன். சிராய்ப்பு காயுதா? சோப்பு, தண்ணி போதும். டிடி ஊசி போட்டு வருஷக்கணக்காச்சுன்னா அதை மட்டும் வந்து போட்டுக்கோங்க. சிவப்பு பரவுது, வலி கூடுது, காய்ச்சல், தொடை இடுக்குல நெறி கட்டுது: உடனே வாங்க. சுகர் இருக்கிறவங்க கால்ல சின்னப் புண்ணுன்னாலும் காட்டிடுங்க.

சந்தேகமா இருந்தா சிவப்பைச் சுத்தி பேனாவால கோடு போட்டு வையுங்க. கோட்டைத் தாண்டினா காலை ஓ.பி.க்குக் காத்திருக்காதீங்க, ராத்திரியே வந்துடுங்க. டியூட்டி டாக்டர் இருப்பார்.